ராகு காலத்தில் ஒரு கையெழுத்து

அருள்நாயகி வேலைக்குப் பிந்தி வந்தாள் என்று ஒஸ்லோவில் ஒருவரும் சொல்ல முடியாது. அதிலும் திங்கட்கிழமை என்றால் அந்த உதைபந்தாட்டக் கழகத்தின் கட்டடத்துக்குள் முதலில் காலடி வைப்பது அவள்தான். எட்டு மணி வேலைக்கு ஏழே காலுக்கே வந்து மொப்பையும் வாளியையும் எடுத்துவிடுவாள். கழகத்தின் செயலாளர் ஷெல் ஒரு நத்தார் விருந்தில் எழுந்து நின்று, வாரத்தின் முதல் நாளில் நாமெல்லாம் காலை இழுத்துக்கொண்டு வருகிறோம், அருளைப் பாருங்கள் என்று புகழ்ந்து ஒரு பூச்சாடியும் கொடுத்தார். அவளும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினாள். திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம், அதற்குள் எந்தக் காரியமும் தொடங்கக் கூடாது, ஆகவே ஏழரைக்கு முன்னமே வாளியில் தண்ணீர் பிடித்துவிட வேண்டும் என்பதை ஒரு நோர்வேக்காரனுக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது?

திருகோணமலையில் பிறந்தவள். கணவர் ஸ்ரீதரன் எண்பத்தாறில் தனியாக நோர்வேக்கு வந்து, நாட்டின் வட முனையில் மீன் வெட்டும் தொழிற்சாலையொன்றில் நின்று, நாலு வருடம் கழித்துத்தான் அவளையும் மகளையும் கூப்பிட்டார். விமான நிலையத்தில் மகள் நிசாந்தினி தகப்பனைக் கண்டதும் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அந்த மாமா ஏனம்மா அழுறார்?" என்று கேட்டாள். ஸ்ரீதரன் இதை ஒரு பகிடியாகக் கொண்டாட்ட வீடுகளில் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். நிசாந்தினியும் வளர்ந்து துரொண்ட்ஹெய்மில் படிக்கப் போன பிறகு தானும் சேர்ந்து சிரித்தாள். அருள்நாயகி மட்டும் அந்தக் கதை தொடங்கினால் எழுந்து குசினிக்குள் போய்விடுவாள்.

மீன் தொழிற்சாலை ஊரில் மார்கழி மாதம் முழுக்கச் சூரியன் எழும்பாது. அங்கேயும் அவள் ஊரிலிருந்து வந்த கலண்டரைச் சுவரில் மாட்டி, ராகு காலம் பார்த்துத்தான் புதுச் சட்டை போட்டாள், புதுச் சட்டியில் சோறு வைத்தாள்.

"சூரியனே இல்லாத ஊரிலை உம்மடை ராகு என்னத்தை விழுங்கப் போறான்?" என்று ஸ்ரீதரன் கேட்பார்.

"கலண்டரிலை போட்டிருக்குது. அவ்வளவுதான்," என்பாள் அவள்.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்து ரொம்மனில் வீடு எடுத்தார்கள். அவர் பஸ் ஓட்டப் போனார், அவள் கிளீனிங் வேலைக்குப் போனாள். சூரியன் கிடைத்தது, கூடவே ராசமலரும் கிடைத்தாள். ரொம்சோஸில் இருக்கிற இந்த ராசமலர் சாத்திரத்தில் தனக்கு எல்லாம் தெரியும் என்கிற ஆள். வாரத்தில் இரண்டு தரமாவது போன் எடுத்து ஒரே சண்டையைப் பிடிப்பாள்.

"அக்கா, ராகு காலம் எண்டது சூரியன் எழும்புறதுக்கும் விழுறதுக்கும் நடுவிலை உள்ள நேரத்தை எட்டாப் பிரிச்சுப் பாக்கிறது. கொழும்புச் சூரியனும் ஒஸ்லோச் சூரியனும் ஒண்டே? இஞ்சை மாரியிலை அது வேறை நேரம், கோடையிலை வேறை நேரம்."

"கலண்டர் அடிச்சவனுக்குத் தெரியாதது உமக்குத் தெரியுமாக்கும்," என்று அருள்நாயகி போனை வைத்துவிடுவாள். வைத்த பிறகு மனம் குழம்பும். ராசமலர் சொல்வது சரியென்றால், இத்தனை வருடமும் தான் நல்ல நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, கெட்ட நேரத்தில் காரியங்களைத் தொடங்கியிருக்க வேண்டும். அப்படியிருந்தும் வாழ்க்கை பெரிதாகக் கெட்டுப்போகவில்லையே. அதற்கு மேல் யோசித்தால் தலை இடிக்கும் என்று விட்டுவிடுவாள்.

ராமிரோ வந்து சேர்ந்தது 2004 ஆவணியில். ஆர்ஜென்ரீனாக்காரன், இருபத்தாறு வயது, கோல் அடிப்பதற்கென்றே எடுத்த ஆள். ஆள் வந்துவிட்டான், கோலைத்தான் காணவில்லை. பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, உடுப்பு மாற்றும் அறை வாங்கில் உட்கார்ந்து தோடம்பழம் உரிப்பான். அவள் நிலம் துடைப்பாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த நொஸ்க், அதாவது நோர்வே மொழி, மட்டும். அவன் முதலில் டென்மார்க்கில் மொழி பழகியவன், ஆகவே அவனுடைய நொஸ்க் வாய்க்குள் சுடுகிழங்கை வைத்துக்கொண்டு கதைப்பதுபோல இருக்கும். அவளுடைய நொஸ்க்கில் நேற்றும் கிடையாது, நாளையும் கிடையாது, எல்லாம் இன்றைக்குத்தான் நடக்கும். நோர்வேக்காரர் இருவரிடமும் "என்ன சொன்னீர்கள்?" என்று திரும்பக் கேட்பார்கள். இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் திரும்பக் கேட்டதே இல்லை.

அவனுடைய கதை அவளுக்கு அப்படித்தான் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. ரொசாரியோ நகரத்துக்குப் பக்கத்தில் இறைச்சித் தொழிற்சாலை ஊர் ஒன்று, தகப்பன் அங்கே மாடு உரிக்கிறவர். பதினாறு வயதில் நகரத்துக் கழகம் அவனை எடுத்தது. இருபதில் இத்தாலி. இத்தாலி என்றதும் அவள் கண்ணை விரித்தாள். மூன்றாம் பிரிவு, மலையடிவாரத்தில் சனத்தைவிட ஆடு கூடின ஊர் என்று அவன் அவசரமாகத் திருத்தினான். அங்கே நன்றாக அடித்தான், இரண்டாம் பிரிவுக்காரர் கூப்பிட்டார்கள், போனான். போன இடத்தில் பயிற்சியாளர் மாறினார், புதியவருக்கு இவனைப் பிடிக்கவில்லை, ஆடவிடாமல் வாங்கில் இருத்தினார். பிறகு டென்மார்க்குக்கு இரவல் கொடுத்தார்கள்.

"ஆளை இரவல் கொடுக்கிறதா?" என்று அருள்நாயகி மொப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அலவாங்கும் மண்வெட்டியும்தான் இரவல் போகும் என்பது அவளுடைய எண்ணம்.

"உதைபந்தாட்டத்தில் ஆளும் போகும்," என்றான் ராமிரோ. "திருப்பி வாங்கத்தான் மறந்துபோவார்கள்."

டென்மார்க்கில் இரண்டு பருவம், அங்கிருந்து ஒஸ்லோ. மனைவி நொயேலியாவும் ஆர்ஜென்ரீனாக்காரிதான். அவள் ஒரு மாரிக் குளிர்காலம் மட்டும் டென்மார்க்கில் இருந்து பார்த்தாள். இருட்டு அவளுக்குச் சரிவரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வயிற்றில் பிள்ளை வேறு. ஸ்பெயினில் தன் மாமி முறையான ஒருத்தி வீட்டுக்குப் போனவள் அங்கேயே பெற்று, ஒரு வைத்தியசாலையின் குசினியில் வேலையும் எடுத்துக்கொண்டாள். பிள்ளையின் பெயர் லூசியா. அதற்குத் தகப்பன் என்பது ரெலிபோனுக்குள் இருக்கிற ஒரு ஆள். அடுத்த கோடை விடுமுறைக்கு ராமிரோ போய் வாசலில் நின்றபோது, லூசியா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தத்தித் தத்திப் போய் ரெலிபோனை எடுத்துவந்து அவனிடம் நீட்டியதாம், அப்பாவோடு கதைக்கச் சொல்லி.

ராமிரோ இதைச் சொல்லிவிட்டு ஸ்ரீதரனைப் போலவே சிரித்தான். அருள்நாயகி வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். இந்த ஆண்களுக்கு ஏன்தான் இது சிரிப்பாக வருகிறது என்று அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அடுத்த வருடம் வசந்தத்தில், ஒரு சனிக்கிழமை காலை, அவனுக்குப் புதுப் பூட்ஸ் வந்திருந்தது. பத்து மணிக்குக் கிட்ட, பெட்டியைத் திறந்து காலில் மாட்டப் போனான். அவள் வாய் சும்மா இருக்கவில்லை. "இப்ப வேண்டாம். பத்தரைக்குப் போடு," என்றாள். ஏன் என்று கேட்டான். வானத்தில் ஒரு பாம்பு இருக்கிறது, ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலம் அதனுடைய நேரம் என்று தனக்குத் தெரிந்த நொஸ்க்கில் சொன்னாள். நோர்வேக்காரன் என்றால் சிரித்திருப்பான். ராமிரோ மரியாதையாகப் பூட்ஸைக் கீழே வைத்தான். அவன் வலது காலுக்குத்தான் முதலில் காலுறை போடுகிறவன், கோட்டை மிதிக்காமல் மைதானத்துக்குள் போகிறவன், கோல் அடித்த நாள் போட்ட உள்ளாடையை மற்ற ஆட்டத்துக்கும் தேடுகிறவன். அவனுடைய நாட்டில் உதைபந்தாட்டக்காரர் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானாம்.

"நாளைக்கு ஆட்டம். நாளைக்குப் பாம்பு எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு. நோர்வேயில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஆறு மணிக்குத்தான் தொடங்கும். சாத்திரம் தெரிந்த யாரோதான் இந்த நேரத்தை வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆறு அடிக்கும் வரை மைதானத்துக்குள் கால் வைக்காதே என்று சொல்லிவிட்டாள். அடுத்த நாள் அவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக் கட்டி அவிழ்த்து, கடைசி ஆளாக உள்ளே ஓடி, இரண்டு கோல் அடித்தான்.

அதோடு பிடித்துக்கொண்டது. திங்கள் முதல் ஞாயிறு வரை ராகு காலத்தை அவளிடம் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினான். பயிற்சியாளர் தலையைச் சொறிந்தார், ஆனால் கோல் அடிக்கிறவனிடம் எவன் வாய் திறப்பான்? அருள்நாயகிக்கோ ராசமலரின் வாயை அடைக்க ஒரு ஆயுதம் கிடைத்தது. "கலண்டர் நேரத்துக்குத்தான் ராமு கோல் அடிக்கிறான், பேப்பரைப் பாரும்," என்பாள். வீட்டில் அவள் அவனை ராமு என்றுதான் சொல்வாள்.

2006 தை மாதக் கடைசியில் ஸ்பெயினிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்று, அதுவும் நொயேலியாவும் பிள்ளையும் இருக்கிற அதே நகரத்தில். பயிற்சி முடிந்து நடந்தே வீட்டுக்குப் போகலாம். ராமிரோ இதை அவளிடம் சொன்னபோது தோடம்பழத்தை உரிக்காமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். ஆனால் மாதம் முடிகிற அன்றோடு ஆட்டக்காரரை மாற்றுகிற காலமும் முடிகிறது. அன்றைக்குள் கையெழுத்திட்டுப் பத்திரங்கள் போய்ச் சேராவிட்டால் இல்லை என்பது இல்லைதான். அடுத்த தடவை கேட்பார்களா என்பது ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் கடைசி நாள் செவ்வாய்க்கிழமையாக வந்து தொலைத்தது. செவ்வாயில் நல்ல காரியம் செய்வதில்லை என்று அருள்நாயகிக்கு முதலே மனம் உறுத்தியது. காலையில் கையெழுத்து வைப்பார்கள் என்றார்கள், பத்திரங்கள் வரவில்லை. மத்தியானம் என்றார்கள், அப்போதும் வரவில்லை. மூன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில், அவள் சாப்பாட்டறையில் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றபோது, ஷெல் முகமெல்லாம் சிவந்து ஓடிவந்தார்.

"அருள், தயவுசெய்து வா. அவன் உன்னைத்தான் கேட்கிறான்."

அந்த அலுவலகத்துக்குள் தூசு உறிஞ்சியோடு போயிருக்கிறாள், ஒருநாளும் கதிரையில் இருந்ததில்லை. இன்றைக்கு இருத்தினார்கள். மேசையில் ஃபக்ஸில் வந்த பத்திரங்கள் பரப்பிக் கிடந்தன. ராமிரோ பேனாவைத் தூர வைத்துவிட்டு மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ரெலிபோனில் அவனுடைய முகவர் ஸ்பானிய மொழியில் கத்துவது அறை முழுக்கக் கேட்டது. கூடக் காசு கேட்கிறானாக்கும் என்று ஷெல் நினைத்திருக்கிறார். நாலரைக்குப் பிறகு வைக்கிறேன் என்பதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லையாம்.

"நாலரைக்கு இங்கே ஒரு குருவிகூட இருக்காது," என்றார் ஷெல். நாலு மணிக்குப் புறப்பட்டுப் பாலர் பள்ளியில் பிள்ளையை எடுக்க வேண்டியவர். நோர்வேயில் பூமி பிளந்தாலும் அந்த நேரம் மாறாது. "அதுவரை ஸ்பெயின்காரர் காத்திருக்கவும் மாட்டார்கள். இன்னொரு ஆட்டக்காரனை மற்ற லைனில் வைத்துக்கொண்டு கதைக்கிறார்கள். இப்போது இல்லையென்றால் அவனை எடுக்கிறார்களாம்."

அருள்நாயகியும் மணிக்கூட்டைப் பார்த்தாள். செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம், இதை அவனுக்குப் படிப்பித்ததே அவள்தான். ராசமலரின் கணக்குப்படி பார்த்தாலாவது தப்ப முடியுமா என்று மனதுக்குள் ஓடிப் பார்த்தாள். தைக் கடைசியில் ஒஸ்லோச் சூரியனுக்கு இரண்டு இருபதிலிருந்து மூன்று இருபது வரை என்று போன வாரம்தான் ராசமலர் போனில் ஒப்புவித்திருந்தாள். இப்போது மூன்று பத்து. ஜென்மத்தில் ஒத்துப்போகாத இரண்டு கணக்கும் இந்தப் பத்து நிமிடத்தில் வந்து ஒத்துப்போய் நின்றன.

"அருள், இப்போது நல்லதா?" என்று ராமிரோ கேட்டான்.

கெட்டது என்று சொன்னால் அவன் பேனாவைத் தொடமாட்டான். அந்தப் பிள்ளை இன்னும் எத்தனை வருடம் ரெலிபோனை நீட்டிக்கொண்டு நிற்குமோ. நல்லது என்று சொன்னால், பாம்பின் வாய்க்குள் அவனைத் தன் கையாலேயே தள்ளிவிட்டதாக ஆகும். சேலைக்குப் பின்னால் ஒளிந்த தன் மகளின் முகம் அவளுக்கு முன்னால் வந்து நின்றது.

"நல்லது. போடு," என்றாள்.

"செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை," என்றான் அவன் மெதுவாக.

"மாரியிலை மாறும். சூரியன் கட்டை. இப்ப பாம்பு போயிட்டுது." வருடக்கணக்காக ராசமலரோடு எந்தக் கதைக்குச் சண்டை பிடித்தாளோ, அதே கதையை எடுத்து, அதுவும் பிழையாக, ஒரு பொய்க்கு முட்டுக் கொடுத்தாள்.

ராமிரோ அவளுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பேனாவை எடுத்துக் காட்டின இடமெல்லாம் கையெழுத்து வைத்தான். ஃபக்ஸ் இயந்திரம் ஒவ்வொரு தாளாக இழுத்துத் துப்பியது. ஷெல் நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்க மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஓடினார்.

அன்று வீட்டில் அவள் ஸ்ரீதரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீர் ராகுவையே ஏமாத்திப்போட்டீர்," என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிக்காதேங்கோ. அவனுக்கு ஏதும் நடந்தால் அது என்ரை தலையிலைதான்."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நிசாந்தினி துரொண்ட்ஹெய்மிலிருந்து இணையத்தில் தேடிப் பார்த்து, ராமிரோ முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்துவிட்டான் என்று சொன்னாள். அருள்நாயகிக்கு அன்றைக்குத்தான் சோறு ஒழுங்காக இறங்கியது. அப்படியென்றால் ராகு காலம் என்று ஒன்றும் இல்லையா? இல்லையென்றால் அவன் ஒஸ்லோவில் அடித்த கோலெல்லாம் எப்படி? பங்குனியில் நிசாந்தினி மறுபடி போன் எடுத்தாள். ராமிரோவின் முழங்கால் முறுகி நரம்பு அறுந்துவிட்டதாம், ஸ்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்களாம். அன்றைக்கு என்ன கிழமை என்று மட்டும் அருள்நாயகி கேட்டாள். ஞாயிறு என்றாள் மகள். எத்தனை மணிக்கு என்று கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் செவ்வாய்க்கிழமை வேலையை மாற்றி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். செவ்வாய் ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சம்பழத்தைப் பிளந்து எண்ணெய் விட்டு விளக்கு வைத்தால் ராகு தோஷம் நீங்கும் என்பார்கள். எந்த ராகு காலத்தில் வைப்பது? கலண்டருக்கு வைத்தால் ராசமலரின் கணக்கு விட்டுப்போகும், ராசமலரின் கணக்குக்கு வைத்தால் கலண்டர் விட்டுப்போகும். ஆகவே இரண்டும் அடங்கிற மாதிரி, மத்தியானம் சாப்பிட்ட கையோடு போய், பின்னேரம் ராசமலரின் நேரமும் தாண்டும் வரை விளக்கை அணையவிடாமல் காவல் இருந்தாள். கெட்ட நேரம் என்று எல்லோரும் ஒதுக்குகிற அதே நேரம் அம்மனுக்கு மட்டும் எப்படி உகந்த நேரம் ஆனது என்பது அங்கே இருந்த ஒரு நாளில்தான் அவளுக்குப் புதிதாகக் குழம்பியது. அப்படியென்றால் ராமு கையெழுத்து வைத்தது ராகுவின் நேரத்திலா, அம்மனின் நேரத்திலா? ஐயரிடம் கேட்டாள். அவர் வேறொருவருக்கு அர்ச்சனை செய்யும் அவசரத்தில், மனசுதான் முக்கியம், பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த மனசு என்று அவருக்குப் பின்னால் ஓடிக் கேட்கவா முடியும்?

புரட்டாதித் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், அவள் மீன் கழுவிக்கொண்டு நின்றபோது வீட்டுப் போன் அடித்தது. சுடுகிழங்கு நொஸ்க்.

"முழங்கால் எப்படி?" என்று கேட்டாள்.

"முடிந்துவிட்டது. இரண்டு தடவை வெட்டிப் பார்த்தார்கள். இனி விளையாட முடியாது. கழகமும் விட்டுவிட்டது." அவன் சாதாரணமாகச் சொன்னான். பின்னால் ஒரு பிள்ளை என்னவோ கேட்டுக் கத்த, அவன் ஸ்பானிய மொழியில் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். "நொயேலியா வேலைக்குப் போகிறாள். நான் வீட்டில். சமைக்கிறேன், லூசியாவைக் குளிக்க வார்க்கிறேன். இப்போது நான் கடைக்குப் போனாலும் அழுகிறாள்."

அருள்நாயகிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இருபத்தெட்டு வயதில் காலை உடைத்து வீட்டில் குந்த வைத்தது யார்? தகப்பனைப் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? ஒரே கையெழுத்துத்தான் இரண்டையும் செய்தது. சொல்லிவிட வேண்டும், அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

அவன் முந்திக்கொண்டான். "ஒரு விஷயம் கேட்கத்தான் எடுத்தேன், அருள். லூசியா முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போகிறாள், இங்கே மூன்று வயதிலேயே தொடங்கிவிடும். திங்கட்கிழமை, ஒன்பது மணிக்கு. எட்டரைக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும்."

அவ்வளவுதான் சொன்னான். ஏழரையிலிருந்து ஒன்பது என்பது அவனுக்குப் பாடம். பாடமாக இருந்தும் கேட்கிறான். அப்படியென்றால் அன்றைக்கும் தெரிந்துகொண்டுதான் பேனாவை எடுத்தானா? அல்லது அவள் சொன்னால் பாம்பு விலகிவிடும் என்று இன்னமும் நம்புகிறானா? அவனுடைய குரலில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கேட்டுவிடவும் பயமாக இருந்தது.

"ஆர் கூட்டிக்கொண்டு போறது?" என்று கேட்டாள்.

"நான்தான். கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போவோம்."

"அப்ப எட்டரைக்கு வெளிக்கிடு," என்றாள் அருள்நாயகி.

"நல்ல நேரமா?"

"ஓம், நல்ல நேரம்." ஈரக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் மறுபடியும் பொய் சொன்னாளா, இல்லை இந்தத் தடவைதான் உண்மையைச் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.